நகம் தூக்கினால் வேலையையும் சொல்லுங்கள்

நகத்தின் நுனி வெளுத்து, சதையை விட்டு எழும்பி நிற்கும். பெரும்பாலும் வலிக்காது, அதனால் யாரும் கண்டுகொள்வதில்லை. நகச்சொத்தை என்று சொல்லி மருதாணி வைத்து மறைப்பார்கள், அல்லது மருந்துக்கடையில் பூஞ்சைக் களிம்பு வாங்குவார்கள். பூஞ்சையும் ஒரு காரணம்தான். ஆனால் பொன்னேரி, கும்மிடிப்பூண்டி வட்டாரத்தில் முதலில் கேட்க வேண்டியது, அந்தக் கை என்ன வேலை செய்கிறது என்பதைத்தான்.

பழவேற்காட்டுப் பக்கம் இறால் உரிக்கும் விரல்கள், ஓட்டலில் பாத்திரம் தேய்க்கும் விரல்கள் நாளெல்லாம் ஈரத்தில் ஊறுகின்றன. சிப்காட் பட்டறைகளில் தின்னர், கிரீஸ் கழுவும் திரவம். நகத்துக்கும் சதைக்கும் உள்ள பிடிப்பை இவையெல்லாம் அரித்துவிடும். மெல்லிய ரப்பர் கையுறையைத் தாண்டியும் தின்னர் உள்ளே இறங்கும். ரசாயனத்துக்கு ஏற்ற கையுறைதான் காக்கும். காலில் வேறு கதை: "எட்டாம் நம்பர் ஸ்டாக் இல்லை, ஏழையே போட்டுக்கோ" என்று கொடுத்த இரும்பு முனை ஷூவில் பெருவிரல் நகம் அடிக்கு அடி இடிபடும்.

பல நகங்கள் ஒன்றாகத் தூக்கினால் சொரியாசிஸ், தைராய்டு பார்க்க வேண்டும். டாக்ஸிசைக்ளின் சாப்பிட்டு வெயிலில் நின்றாலும், சில புற்றுநோய் மருந்துகளாலும் இப்படி ஆகும்.

தூக்கிய நகம் மறுபடி ஒட்டாது. அந்தப் பகுதியை ஒட்ட வெட்டி, உலர்வாக வையுங்கள். ஊக்கால் குடைய வேண்டாம். எலுமிச்சம்பழத்தைச் செருகுவதும் வேண்டாம், எரிச்சல்தான் கூடும். பச்சையானால் பாக்டீரியா. நகத்தில் கருங்கோடு விழுந்து அகலமானாலோ, சர்க்கரை நோயாளிக்குக் கால் நகம் தூக்கினாலோ மருத்துவரிடம் போகத் தாமதிக்கக் கூடாது.

மருத்துவரிடம் வேலையைச் சொல்லி, சீட்டில் எழுதச் சொல்லுங்கள். ஏனென்றால் ரசாயனம் பட்டு வரும் தோல் அழற்சி, முன்பு 1948 தொழிற்சாலைச் சட்டத்திலும் இப்போது அதற்குப் பதிலாக வந்த 2020 தொழில் பாதுகாப்புத் தொகுப்பிலும் அறிவிக்க வேண்டிய நோய். நகம் பெயர் சொல்லிப் பட்டியலில் இல்லை. ஆகவே நகத்தைச் சுற்றியுள்ள தோலையும் காட்டுங்கள். கையுறை, ஷூ போன்ற பாதுகாப்புச் சாதனத்துக்குச் சம்பளத்தில் பிடிக்கக் கூடாது. பிடித்தால் தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககத்தில் புகார் செய்யலாம். புகார் கொடுத்தவர் யாரென்று ஆய்வாளர் வெளியே சொல்லக் கூடாது.

இ.எஸ்.ஐ. பொருந்தும் நிறுவனத்தில் மாதம் 21,000 ரூபாய் வரை சம்பளம் வாங்குபவருக்கு, கான்ட்ராக்ட் ஆளானாலும், அது உண்டு. சம்பளச் சீட்டில் 0.75 சதவீதப் பிடித்தம் இருக்கிறதா பாருங்கள். இறால் உரிக்கும் அக்காவுக்குப் பெரும்பாலும் இது எதுவும் கிடையாது என்பதுதான் கசப்பு. அவருக்கு எல்லாம் அரசு மருத்துவமனையின் இலவச சிகிச்சையோடு நிற்கிறது.

கை நகம் முழுதாக வளர சுமார் ஆறு மாதம், கால் நகத்துக்கு ஒன்றரை வருடம் வரை. அதற்குள் அதே ஈரத்துக்கும் அதே ஷூவுக்கும் திரும்பினால் புது நகமும் தூக்கும்.