வெள்ளைப்படுதலும் வாடையும்: வகுப்பாசிரியர் அறிய வேண்டியவை

எட்டாம் வகுப்புக்கு மேல் பாடம் எடுக்கும் நம்மில் பலர் இதைக் கவனித்திருப்போம். முதல் வரிசையில் உட்கார்ந்து வந்த மாணவி திடீரென்று கடைசி பெஞ்சுக்குப் போய்விடுவாள். கரும்பலகையில் கணக்குப் போட அழைத்தால் எழுந்து வரத் தயங்குவாள். விளையாட்டுப் பாடவேளையில் "வயித்து வலி மிஸ்" என்று வகுப்பிலேயே இருந்துகொள்வாள். விடுப்பு நாட்கள் கூடும். காரணம் கேட்டால் "காய்ச்சல்" என்பாள். பக்கத்தில் உட்காரும் பிள்ளைகள் ஒருவரையொருவர் பார்த்துச் சிரிப்பதிலிருந்துதான் நமக்கு விஷயம் புரியும். அவள்மீது வாடை வருகிறது என்று யாரோ சொல்லியிருப்பார்கள்.

படிப்பில் பின்தங்கினால் பெற்றோரை அழைத்துப் பேசுகிறோம். கண் பார்வை குறைவு என்றால் கண்ணாடிக்கு ஏற்பாடு செய்கிறோம். இந்த ஒன்றில் மட்டும் நாமும் மௌனமாகிவிடுகிறோம், அல்லது "ஒழுங்கா குளிச்சிட்டு வா" என்று ஒரு வார்த்தை சொல்லி முடித்துவிடுகிறோம். அந்த ஒரு வார்த்தைதான் பல பிள்ளைகளுக்குச் சிக்கலைக் கூட்டுகிறது. அந்தப் பிள்ளை ஏற்கெனவே ஒரு நாளைக்கு இரண்டு மூன்று முறை சோப்புப் போட்டுத் தேய்த்துக் கழுவிக்கொண்டிருக்கக்கூடும். அதனாலேயே வாடை அதிகமாகியிருக்கவும் கூடும்.

இது எப்படி என்று விளங்கிக்கொள்ள நம் பாடப்புத்தக அறிவே போதும். பால் தயிராக உறைவதற்கு லேக்டோபேசில்லஸ் என்ற பாக்டீரியா காரணம் என்று நடத்துகிறோம் அல்லவா? அதே இனத்தைச் சேர்ந்த நன்மை செய்யும் பாக்டீரியாக்கள்தான் பெண்ணின் பிறப்புறுப்புப் பாதையிலும் குடியிருக்கின்றன. பூப்பெய்தும் பருவத்தில் ஈஸ்ட்ரோஜன் சுரக்கத் தொடங்கியதும், அங்குள்ள செல்களில் கிளைக்கோஜன் சேர்கிறது. அது சிதைந்து கிடைக்கும் சர்க்கரையை இந்த பாக்டீரியாக்கள் லாக்டிக் அமிலமாக மாற்றுகின்றன. அதனால் அந்தப் பகுதியின் பி.எச். மதிப்பு 3.8 முதல் 4.5 வரை, அதாவது லேசான அமிலத் தன்மையோடு இருக்கிறது. நோய் உண்டாக்கும் கிருமிகள் இந்த அமிலத்தில் எளிதில் பெருக முடியாது. உடல் தானே ஏற்படுத்திக்கொண்ட காவல் இது. சாதாரணக் குளியல் சோப்பின் பி.எச். மதிப்பு 9, 10 என்று காரத்தன்மையில் இருக்கும். அதை உட்புறத்தில் போட்டுக் கழுவினால் அமிலம் குறைகிறது, நல்ல பாக்டீரியாக்கள் குறைகின்றன, மற்ற கிருமிகள் பெருகுகின்றன, வாடை வருகிறது. வாடை வந்தது என்று பிள்ளை மறுபடியும் கழுவுகிறாள்.

குளிக்கும் தண்ணீரில் கிருமிநாசினித் திரவத்தைக் கலப்பதும், வாசனைப் பவுடர் போடுவதும், 'பெண்களுக்கான பிரத்யேக வாஷ்' என்று விளம்பரத்தில் வருவதை வாங்கிப் பயன்படுத்துவதும் தேவையற்றவை. பெண்ணின் வெட்கத்தை வைத்து நடக்கும் வியாபாரம் அது என்பது என் கருத்து. வெளிப்புறத்தை வெறும் தண்ணீரால் கழுவி ஈரம் போகத் துடைத்தால் போதும். உட்புறத்தைக் கழுவவே வேண்டாம்.

எது இயல்பு, எது நோய்?

முதல் மாதவிடாய் வருவதற்கு ஆறு மாதம், ஒரு வருடம் முன்பிருந்தே வெள்ளைப்படுதல் தொடங்கிவிடுவது இயல்பு. அதனால் ஐந்தாம், ஆறாம் வகுப்புப் பிள்ளைக்கும் உள்ளாடையில் கறை படலாம். நிறமில்லாமலோ பால் வெள்ளையாகவோ இருக்கும். காய்ந்தால் துணியில் லேசான மஞ்சளாகத் தெரியும். மாதத்தின் நடுவில் முட்டையின் வெள்ளைக்கரு போல வழவழப்பாகக் கொஞ்சம் கூடுதலாக வரும். லேசான புளிப்பு வாடை இருக்கலாம். அரிப்போ எரிச்சலோ இருக்காது. இதற்கு எந்த மருந்தும் தேவையில்லை.

ஆனால் நம் ஊர்களில் இதைச் சுற்றி ஒரு பெரிய பயம் இருக்கிறது. "எலும்பு உருகி வெள்ளையா போகுது", "வெட்டைச் சூடு", "இப்படியே போனா உடம்பு உருக்குலைஞ்சிடும்" என்றெல்லாம் வீட்டில் சொல்லக் கேட்டே பிள்ளைகள் வளர்கிறார்கள். ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தி தன் எலும்புகள் உண்மையிலேயே கரைவதாக நம்பி, யாரிடமும் சொல்லாமல் மாதக்கணக்கில் பயந்துகொண்டிருக்க முடியும். எலும்பு எதுவும் உருகுவதில்லை. இளநீரும் வெந்தயமும் குடிப்பதில் தவறில்லை, குடிக்கட்டும். அதை நம்பி, நோய் இருக்கும்போது மருத்துவரிடம் போகாமல் இருப்பதுதான் தவறு.

மருத்துவரிடம் அனுப்ப வேண்டிய அறிகுறிகளை ஆண் பெண் வேறுபாடின்றி எல்லா ஆசிரியர்களும் தெரிந்துவைத்திருக்கலாம். மீன் வாடை போல வாடை அடித்து, சாம்பல் நிறத்தில் நீர்த்து வந்தால் அது பெரும்பாலும் நல்ல பாக்டீரியாக்களின் சமநிலை குலைந்ததன் அடையாளம். தயிர்க் கட்டி போல வந்து கடுமையாக அரித்தால் பூஞ்சைத் தொற்றாக இருக்கலாம். இதில் வாடை பெரிதாக இருக்காது, அரிப்புதான் பிள்ளையை உட்காரவிடாது. பூஞ்சைத் தொற்று அடிக்கடி திரும்ப வந்தால் சர்க்கரை நோய் இருக்கிறதா என்றும் மருத்துவர் பார்ப்பார். மஞ்சள் அல்லது பச்சை நிறம், இரத்தம் கலந்து வருதல், அடிவயிற்று வலி, காய்ச்சல், சிறுநீர் கழிக்கும்போது எரிச்சல், இவற்றில் எது இருந்தாலும் காத்திருக்கக் கூடாது. முதலிரண்டும் சரியான மருந்தால் சில நாட்களில் குணமாகக்கூடியவை. ஆனால் இரண்டுக்கும் மருந்து வெவ்வேறு. மருந்துக் கடையில் கேட்டு வாங்கிப் போட்டால் நோய் ஒன்றாகவும் மருந்து வேறாகவும் போய்விடும்.

தொடக்கப் பள்ளிப் பிள்ளைகள்

ஆறு, ஏழு வயதுப் பெண் குழந்தைகளுக்கு அந்தப் பாதுகாப்பு அமிலம் இன்னும் உருவாகியிருக்காது, தோலும் மெல்லியது. அவர்களிடம் வரும் அரிப்புக்கு ஒரு பொதுவான காரணம் கீரிப்பூச்சி. இரவில் ஆசனவாயில் முட்டையிட வெளியே வரும் புழு முன்புறத்துக்கும் வந்துவிடும். பகலில் குழந்தை பாவாடையைப் பிடித்துக்கொண்டு நெளியும். அதைக் 'கெட்ட பழக்கம்' என்று அடிக்கும் ஆசிரியர்களும் உண்டு. பள்ளியில் குடற்புழு நீக்க மாத்திரை தரும் நாளில் வராத குழந்தைகளைத் தேடிப் பிடித்துக் கொடுப்பதற்கு இதுவும் ஒரு காரணம். மலம் கழித்தபின் முன்னிருந்து பின்னாகக் கழுவ வேண்டும் என்பதை ஒன்றாம் வகுப்பிலேயே கை கழுவும் பாடத்தோடு சேர்த்துச் சொல்லிவிடலாம்.

சிறு குழந்தையிடம் விடாமல் துர்வாடை வந்தாலோ, இரத்தம் கலந்த கசிவு இருந்தாலோ உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். விளையாட்டாக மணியோ துணித் துண்டோ உள்ளே போயிருக்கலாம். பாலியல் துன்புறுத்தலாகவும் இருக்கலாம். பெரும்பாலான கசிவுக்கும் வாடைக்கும் இது காரணமில்லை என்பதை நினைவில் வைத்துக்கொள்வோம். ஆனால் குழந்தை எதையாவது சொன்னாலோ நமக்கு நியாயமான ஐயம் எழுந்தாலோ, போக்சோ சட்டம் 2012-இன்படி காவல் துறைக்குத் தெரிவிப்பது நம் கடமை. தெரிவிக்காமல் இருப்பது குற்றம். 1098 என்ற எண்ணிலும் உதவி கிடைக்கும். நாமே குழந்தையைத் துருவித் துருவி விசாரிக்க வேண்டியதில்லை. அது சொன்னதை அது சொன்ன வார்த்தைகளிலேயே குறித்து வைத்துக்கொண்டால் போதும்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம்

கிராமத்திலிருந்து பேருந்தில் வரும் மாணவி காலை ஏழரைக்கு வீட்டைவிட்டுக் கிளம்புகிறாள். சிறப்பு வகுப்பும் முடித்து வீடு திரும்ப ஐந்தரை ஆகிறது. பத்து மணி நேரம். நாப்கினை நான்கு முதல் ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை, இரத்தப்போக்கு குறைவாக இருந்தாலும், மாற்ற வேண்டும். உடலிலிருந்து வெளிவரும்போது இரத்தத்துக்குப் பெரிய வாடை கிடையாது. வெளியே வந்து ஈரத்தில் தங்கி, கிருமிகள் அதில் வேலை செய்யும்போதுதான் வாடை வருகிறது. ஆக, பள்ளியில் ஒருமுறையாவது அவள் மாற்றியாக வேண்டும்.

எங்கே மாற்றுவாள்? தாழ்ப்பாள் இல்லாத கழிப்பறை, தண்ணீர் வராத குழாய், மூடியில்லாத குப்பைக் கூடை. எத்தனை நாப்கின் இருக்கிறது? புது யுகம் திட்டத்தில் 6 நாப்கின்கள் கொண்ட 3 பொதிகள் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை தரப்படுகின்றன. மாதத்துக்கு 9 வருகிறது. ஐந்து நாள் போக்கு உள்ள பிள்ளை நாளைக்கு மூன்று மாற்றினால் 15 வேண்டும். மீதி ஆறை வாங்க வசதியில்லாத வீட்டில் ஒன்றையே நாள் முழுக்க வைத்துக்கொள்கிறாள். 'சுத்தமில்லாத பிள்ளை' என்று நாம் நினைப்பதற்குள் இவ்வளவு கணக்கு இருக்கிறது. ஆசிரியர் அறையில் ஒரு டப்பாவில் கூடுதல் நாப்கினும், ஒரு பழைய சீருடைப் பாவாடையும், இரண்டு உள்ளாடையும் இருந்தால் பெரிய உதவி. 'எதற்கு' என்று கேட்காமல் எடுத்துக்கொடுக்க வேண்டும்.

கழிப்பறைக்குப் போகப் பிடிக்காமல் தண்ணீரே குடிக்காத பிள்ளைகள் இன்னொரு கூட்டம். சிறுநீர் அடர்ந்து, அடக்கி வைத்து, நீர்க்கடுப்பு வருகிறது. உள்ளாடையில் சொட்டிய அடர்ந்த சிறுநீர்தான் பல சமயம் நாம் உணரும் வாடை. வீட்டில் உள்ளாடையை யார் கண்ணிலும் படக்கூடாது என்று வேறு துணிக்கு அடியில் காயப்போடுகிறார்கள். அது காயாது, ஈரத்தோடு போட்டுக்கொண்டு வருகிறார்கள். வெயிலில் காயப்போட்ட பருத்தி உள்ளாடை என்ற ஒன்றை மட்டும் பெற்றோர் கூட்டத்தில் அம்மாக்களிடம் சொல்லிப் பாருங்கள். சிரிப்பார்கள், ஆனால் செய்வார்கள். பள்ளி மேலாண்மைக் குழுவில் பாதிப் பேர் பெண்கள் இருக்க வேண்டும் என்று கல்வி உரிமைச் சட்டம் சொல்கிறது. கழிப்பறைத் தாழ்ப்பாளைத் தீர்மானமாகக் கொண்டுவர அதைவிடப் பொருத்தமான இடம் இல்லை.

எப்படிப் பேசுவது?

வகுப்பில் வைத்துப் பேசக் கூடாது. வகுப்புத் தலைவி மூலம் சொல்லி அனுப்பக் கூடாது. இடம் மாற்றி உட்கார வைக்கக் கூடாது. நோட்டு திருத்தும் சாக்கில் தனியே அழைத்து, வாடை என்ற சொல்லையே எடுக்காமல் தொடங்கலாம். "ரெண்டு வாரமா டல்லா இருக்கியே கண்ணு. அரிப்பு, எரிச்சல், ஒன்னுக்குப் போகும்போது வலி, அப்படி ஏதாவது இருக்கா? நிறைய பேருக்கு வர்றதுதான். மாத்திரை போட்டா சரியாயிடும்." உடனே பதில் வராது. மறுநாள் வரும், அல்லது தோழியை அனுப்புவாள். அம்மாவிடம் பேசும்போதும் "உங்க பொண்ணு சுத்தமா இல்ல" என்று ஆரம்பித்தால் அன்றிரவு அந்தப் பிள்ளைக்கு அடிதான். "ஆஸ்பத்திரில ஒரு தடவை காட்டிடலாம்மா" என்பது போதும்.

ஆண் ஆசிரியர்கள் மட்டுமே உள்ள ஈராசிரியர் பள்ளிகள் இருக்கின்றன. அங்கே சத்துணவு அமைப்பாளர் அக்காவோ கிராம சுகாதார செவிலியரோ பேசலாம். ஆரம்ப சுகாதார நிலையத்திலிருந்து பள்ளிக்கு வரும் மருத்துவக் குழுவிடம் முன்கூட்டியே சொல்லிவைத்தால் தனியறையில் பார்ப்பார்கள். கேலி செய்யும் மாணவர்களைக் கண்டிப்பது ஆண் ஆசிரியருக்கு நம்மைவிட எளிது. அதற்கு விஷயத்தை விளக்க வேண்டிய அவசியமும் இல்லை.

எட்டாம் வகுப்பு அறிவியலில் வளரிளம் பருவமடைதல் பாடத்தை 'நீங்களே படிச்சுக்கோங்க' என்று தாண்டிப் போகாமல் நடத்தினால், வெள்ளைப்படுதலையும் அங்கேயே இரண்டு நிமிடத்தில் சொல்லிவிடலாம்.

கடைசியாக, ஆசிரியைகளான நம்மைப் பற்றியும் ஒரு வார்த்தை. பள்ளிக் கழிப்பறைக்குப் பயந்து காலை ஒன்பதிலிருந்து மாலை வரை தண்ணீர் குடிக்காமல் பாடம் நடத்துபவர்கள் நாமும்தான். மாதவிடாய் நிற்கும் வயதில் ஈஸ்ட்ரோஜன் குறைய, அந்தப் பாதுகாப்பு அமிலமும் குறைகிறது. வறட்சியும் எரிச்சலும் அடிக்கடி நீர்க்கடுப்பும் வரலாம். இதற்கும் மருத்துவம் உண்டு. மாதவிடாய் நின்றபின் இரத்தம் பட்டாலோ துர்வாடையுடன் கசிவு இருந்தாலோ தள்ளிப்போடாமல் பரிசோதித்துக்கொள்ள வேண்டும். முப்பது வயதுக்கு மேற்பட்ட பெண்களுக்குக் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்ப் பரிசோதனை அரசு ஆரம்ப சுகாதார நிலையங்களிலேயே இலவசமாகச் செய்யப்படுகிறது. அரைநாள் விடுப்பு எடுத்தால் முடிந்துவிடும்.