முட்டையின் வடிவமும் அதன் கணக்கும்

கெங்கவல்லித் தாலுகாவில் மக்காச்சோளமும் குச்சிக்கிழங்கும் பயிரிடும் குடியானவர் பலர் கொல்லையில் நாலைந்து கோழிகளையேனும் வைத்திருப்பர். 1997-ஆம் ஆண்டுவரை சேலம் ஜில்லாவில் அடங்கியிருந்த நாமக்கல்லோ முட்டை வியாபாரத்தில் தேசமெங்கும் பெயர்பெற்றது. ஆயினும் அடைக்கு வைக்கும் முட்டைகளைக் கண்ணளவாய்ப் பொறுக்குவதே இன்னும் பெருவழக்கு. அளவுகோலைக் கொண்டு தெரிந்தெடுப்பது கடினமன்று.

முட்டையை இரு மரக்கட்டைகளுக்கிடையே படுக்கவைத்து, கட்டைகளின் இடைவெளியை அளந்து நீளத்தையும் அகலத்தையும் குறித்துக்கொள்க. அகலத்தை 100-ஆல் பெருக்கி நீளத்தால் வகுக்க வருவது வடிவ எண். அது 72 முதல் 76 வரை இருத்தல் நன்று. குறைந்தால் முட்டை நீண்டு ஒடுங்கியது, மிகுந்தால் உருண்டையானது. மிக நீண்டது தட்டின் குழியில் சரியாய் அமராது வண்டியில் உடையும்.

முட்டையின் நீளம் 5.7 சென்டிமீட்டர், அகலம் 4.2 எனக் கொள்வோம். வடிவ எண் ஏறக்குறைய 74. அகலத்தை அகலத்தாற் பெருக்கி, நீளத்தாலும் 0.51-ஆலும் பெருக்கினால் கன அளவு சுமார் 51 கன சென்டிமீட்டர் என்றாகும். இன்றிட்ட முட்டையாயின் எடை 55 கிராமுக்குச் சற்று மேற்படும். நாட்பட நாட்பட நீர் ஆவியாகி எடை குறையும். ஓட்டின் கன அளவோ மாறாது. எடை 51 கிராமுக்குக் கீழிறங்கின் அம்முட்டை நீரில் மிதக்கும். நம் பாட்டிமார் முட்டையை நீரிலிட்டுப் பார்த்ததன் காரணம் இதுவே. சூத்திரம் சராசரியாதலின், ஒற்றை முட்டைக்கு அவர்கள் முறையே அதிக நம்பத்தக்கது.

முட்டை ஒரு பக்கம் கூர்ந்தும் மறுபக்கம் அகன்றும் இருப்பதால் அதன் கோடு வெறும் நீள்வட்டமன்று. மையம் விலகிய இரு வட்டங்களைக்கொண்டு இதனை வரையும் வழியை ஹூகெல்ஷேபர் என்னும் ஜெர்மானியர் காட்டினார். 2021-இல் நருஷின், ரோமனோவ், கிரிபின் ஆகிய மூவர் அதனை விரித்து, பேரிக்காய் போன்ற முட்டைக்கும் பொருந்தும் சமன்பாட்டை வெளியிட்டனர். நீளம், பேரகலம், மத்தியிலிருந்து பேரகலம் விலகிய தூரம், கூர்நுனியிலிருந்து காற்பங்கு நீளத்திலுள்ள குறுக்களவு ஆகிய நான்கே அதற்கு வேண்டும்.

வடிவம் ஓட்டால் வருவதன்று. ஓடு படியுமுன் உள்ளிருக்கும் சவ்வினாலேயே அமைகிறது என்பது 1,400 பறவையினங்களின் முட்டைகளை ஆராய்ந்து 2017-இல் வெளியான கட்டுரையின் முடிவு. கோணல் முட்டையையே தொடர்ந்து இடும் கோழியின் முட்டைகளை அடைக்கு வைக்காமல் சமையலுக்கு எடுத்துக்கொள்ளலாம். பொரிப்புப் பெட்டியில் வைக்குங்கால் அகன்ற முனை மேலிருக்கட்டும். காற்றறை அங்கே உள்ளது, குஞ்சு முதன்முதல் மூச்சிழுப்பதும் அவ்விடத்திலேயே.