கோணியும் வீழாத மரமனை

இங்கிலாந்தின் வடமேற்குப் பாகத்திலே, செசயர் நாட்டுப்புறத்தில், லிற்றில் மோற்றன் மனை என்னும் பழம்பெரும் வீடு ஒன்றுளது. நாற்புறமும் 33 அடி அகலமான அகழி சூழ, கருமரச் சட்டங்களும் வெண்சுதையுமாய் நிற்கும் அதன் படத்தைக் காண்போர், வியப்பினும் முந்தி அச்சமே கொள்வர். கூரைமுகடு அலையென நெளிந்துளது. சாளரங்கள் நேர்நில்லாது சாய்ந்துள. அப்படத்தை எம்மிடம் கண்ட மாணவர் சிலர், இவ்வீடு எப்போது விழும் என வினவினர். மூன்றாம் மாடியைத் தலைமேற் சுமந்து 460 ஆண்டுகளுக்கு மேலாக அது விழாதிருப்பது எங்ஙனம் என்பதை ஈண்டு விளக்கப் புகுவாம்.

இம்மனையின் மிகப் பழைய பகுதியாகிய பெருமண்டபம் 1504-1508 அளவில், வில்லியம் மோற்றன் என்னும் நிலக்கிழாருக்காக எழுந்தது. ஏழாம் ஹென்றி மன்னனின் இறுதிக்காலம் அஃது. இடைக்காலம் முடிந்து புதுக்காலம் புலரும் வேளையாயினும், தச்சர் தம் பாட்டன்மார் கைக்கொண்ட முறையையே கைக்கொண்டனர். இத்தகைய மண்டபங்கள் தரையிலிருந்து முகடுவரை இடைத்தட்டின்றித் திறந்திருக்கும். நடுவிலே அடுப்பெரியும், புகை கூரை வழியே தன்பாட்டிற் போகும். ஒரு முனையிலே தலைவனும் குடும்பத்தாரும், ஏனையோர் அவர்க்குக் கீழும் இருந்து உண்பர். மறுமுனையிலே சமையற்பகுதிக்குச் செல்லும் வழி. ஒருவர் அமரும் இடத்தைக் கொண்டே அவர்தம் தரத்தை அறியலாம்.

கல்லாலும் செங்கல்லாலும் வீடு கட்டுவோர்க்குச் சுவரே வீட்டைத் தாங்குவது. இங்கோ சுவர் எதனையும் தாங்குவதில்லை. தரையிலே கல்லடித்தளம், ஈரம் ஏறாவண்ணம் அதன்மேற் கிடத்திய அடிச்சட்டம், அதில் நிறுத்திய தூண்கள், தூண்களை இணைக்கும் விட்டங்கள், மூலைகளிலே சாய்வுக் கட்டைகள், மேலே கைமரங்கள். பளு முழுவதையும் இவ்வெலும்புக்கூடே ஏற்கும். எலும்புகளுக்கு இடைப்பட்ட வெளியிலே கம்புகளை நட்டு, வரிச்சுப் பின்னி, களிமண்ணும் சாணமும் வைக்கோலும் குழைத்து அப்பிச் சுதை பூசுவர். சுவரை முற்றும் பெயர்த்தெடுப்பினும் வீடு நிற்கும்.

மரமோ ஓக். உலர்ந்த ஓக்கு மிக்க வன்மையுடையது. உளியை எளிதில் ஏலாது. ஆதலின், வெட்டிய மரத்தை ஈரம் புலருமுன்னரே இழைத்துக் கூட்டினர். ஒரு மரத்திற் கழுந்தும், மற்றதிற் பொருத்துத்துளையும் அமைத்து இணைத்து, குறுக்கே மர ஆணி அறைந்தனர். இதிலே ஒரு நுட்பம் காண்க. கழுந்தில் இடும் ஆணித்துளையை மற்ற மரத்தின் துளைக்கு நேரே இடாது சிறிது விலக்கி இடுவர். உலர்ந்த ஆணியை அறையும்போது, நேர்படாத துளைகள் ஒன்றையொன்று இழுக்க, மூட்டு இறுகும். பின்னர்ப் பச்சைமரம் ஆண்டுக்கணக்கில் உலர்ந்து சுருங்கி முறுகும். மூட்டு ஆணியை மேலும் கவ்வும். கோணல் பெரும்பாலும் இம்முறுக்கினாலேயே பிறப்பது. அது நோயின் குறியன்று.

சட்டகம் முழுவதையும் முதலிலே தச்சுமுற்றத்தில் நிலத்திற் கிடத்திக் கூட்டிப் பார்ப்பர். ஒவ்வொரு மூட்டின் இருபுறத்தும் ஒரே எண்ணை உளியாற் கீறுவர். உரோம எண்கள் நேர்கோடுகளாலானவையாதலின் உளிக்கு வாய்ப்பாயின. பின்பு பிரித்து, வண்டியேற்றி, மனையிடத்திலே எண் பார்த்து எழுப்புவர். பழைய மரவீடுகள் பலவற்றில் இக்கீறல்களை இன்றும் காணலாம்.

இனி, மாணவரை அஞ்சவைத்த அம்மூன்றாம் மாடிக்கு வருவாம். 1560-1562 அளவிலே, மோற்றன் குடியின் அடுத்த தலைமுறையினர் தலைவாயிலுடன் கூடிய தென்பகுதியைக் கட்டினர். வேலை தொடங்கிய பின்னரே, உச்சியில் 68 அடி நீளமான உலாவு கூடம் ஒன்று வேண்டும் என்னும் ஆசை எழுந்ததுபோலும். மழைநாளிலே உடற்பயிற்சிக்கும் விளையாட்டிற்கும் உதவும் நெடுங்கூடம் அஃது. பதினேழாம் நூற்றாண்டுத் தெனிசுப் பந்துகள் நான்கு அங்குப் பலகைகளின் பின்னே கண்டெடுக்கப்பட்டன. எந்தக் காலத்துப் பிள்ளைகளும் பந்தைத் தொலைத்தே தீர்வர்!

ஆசைக்கு அளவில்லை; கூரைக்கு இட்டதோ கனத்த கற்பலகைகள். அப்பளுவினாற் கீழ்த்தளங்கள் வளைந்து நெளிந்தன. தச்சன்மீது குறைகூறல் நியாயமன்று என்பது எம் கருத்து. முதலில் வகுத்த சட்டகத்தின் தலையிலே பின்னர் ஏற்றிய சுமையன்றோ அது? கற்சுவராயின் இத்துணை அசைவிற்கு வெடித்துப் பிளந்திருக்கும். மரமூட்டுகளோ சிறிது சிறிதாக இளகிக்கொடுத்து, பளுவைத் தம்முட் பகிர்ந்து நின்றன. பிற்காலத்தார் உருக்குக் கோல்களைச் செலுத்தி அக்கூடத்திற்கு வலுவூட்டினர்.

1640களின் உள்நாட்டுப் போரிலே மோற்றன் குடியினர் அரசன் பக்கம் நின்று பொருளிழந்தனர். மனை குத்தகை உழவர் கைக்குச் சென்றது. காலப்போக்கிற் சாளரங்களும் பலகையடைத்துக் கிடந்தன. ஆயினும் அவ்வறுமையே அதனைக் காத்தது என்னலாம். செல்வம் பெருகியிருப்பின், புதுநாகரிகத்திற்கேற்ப இடித்துச் செங்கல்லாற் கட்டியிருப்பர். 1938இல் அது நாட்டு மரபுடைமை காக்கும் 'நாஷனல் ட்ரஸ்ட்' அமைப்பின் கைக்கு வந்தது. 1976இல், பலகைகளுக்குப் பின்னே மறைந்துகிடந்த பழஞ்சுவரோவியங்களும் வெளிப்பட்டன. மரச்சட்டங்களுக்குக் கருநிறம் பூசுவது பெரிதும் விக்ரோறியா அரசியின் காலத்து வழக்கம். முன்னாளில் ஓக்கு தன்னிறத்திலேயே விளங்கியது.

முற்றத்தை நோக்கும் பெருஞ்சாளரங்களிலே ஒரு பொறிப்பு உளது. 1559இல் அச்சாளரங்களைச் செய்வித்தவர் வில்லியம் மோற்றன் என்று அது கூறும். அதனோடு, அவற்றைச் செய்த தச்சன் றிச்சாட் டேல் என்னும் பெயரும் அங்கே வெட்டப்பட்டுளது. 'தச்சன்' என்னும் ஆங்கிலச் சொல்லை அவன் பிழையாகவே எழுதினான். சாளரங்கள் இன்னும் அங்கே நிற்கின்றன.