விண்மீன் மண்டலங்களின் தோற்றம்: மாதிரிகள் கூறுவதும் கூறாததும்

2022ஆம் ஆண்டின் பிற்பகுதியில், 'பெருவெடிப்புக் கொள்கை பொய்த்துவிட்டது' என்னும் செய்தி பல இடங்களில் பரவியது. மாதிரிகள் எதிர்பார்த்ததைவிட ஒளிமிக்க விண்மீன் மண்டலங்களை, பேரண்டத்தின் தொடக்க காலத்திலேயே ஜேம்ஸ் வெப் தொலைநோக்கி கண்டதே இதற்குக் காரணம். நம்மில் சிலர் இச்செய்தியைப் பிரசங்கங்களிலும் எடுத்தாண்டிருக்கக்கூடும். உண்மையில் அசைந்தது எது, அசையாதது எது என்பதை உணர, இம்மாதிரிகள் அமைக்கப்படும் முறையை நாம் முதலில் அறிதல் வேண்டும்.

1. மாதிரி என்பது யாது?

ஒரு விண்மீன் மண்டலம் உருவாவதை எவரும் இருந்து காண இயலாது. அதற்குப் பல கோடி ஆண்டுகள் செல்லும். ஆகவே, அறிந்த விதிகளைக்கொண்டு அதன் வரலாற்றைக் கணித்துப் பார்க்கிறோம். கணிப்பொறி வழக்கிற்கு வருமுன்னரே, 1941இல், சுவீடன் நாட்டின் லுண்ட் நகரில் எரிக் ஹோல்ம்பெர்க் என்பவர் இதனைச் செய்தார். மண்டலம் ஒன்றுக்கு 37 ஆக, இரு மண்டலங்களுக்கு 74 மின்விளக்குகளை அவர் பரப்பினார். தொலைவு இருமடங்கானால் ஒளி நான்கில் ஒரு பங்காகக் குறைகிறது. ஈர்ப்பு விசையும் அவ்வாறே குறைகிறது. ஆதலின், ஒவ்வொரு விளக்கின் இடத்திலும் விழும் ஒளியை அளந்து, அதனையே ஈர்ப்பாகக் கொண்டு, விளக்குகளைப் படிப்படியாக நகர்த்தினார். விளக்குகள் விண்மீன்கள் அல்ல. ஒரு தன்மையில் மட்டுமே அவற்றை ஒத்தவை. மாதிரி எதில் மெய்ப்பொருளை ஒத்திருக்கிறது, எதில் ஒத்திருக்கவில்லை என்பதை மறந்தால் நாம் வழிதவறுவோம்.

2. விதிகளினின்று கணிக்கப்படும் பகுதி

1965இல் கண்டறியப்பட்ட பின்னணிக் கதிர்வீச்சு, பேரண்டம் ஏறத்தாழ 3,80,000 ஆண்டு நிரம்பியிருந்த காலத்து நிலையைக் காட்டுகிறது. அதில் இலட்சத்தில் ஒரு பங்கு அளவான ஏற்றத்தாழ்வுகள் உள்ளன என்பதை 1992இல் கோபி செயற்கைக்கோளின் அளவீடுகள் வெளிப்படுத்தின. சற்றே அடர்ந்த இடங்கள் சுற்றியுள்ள பொருளை ஈர்த்து மேலும் அடர்ந்தன. இவையே மண்டலங்களின் வித்துக்கள்.

எனினும், நாம் அறிந்த பொருள் மட்டும் இருந்திருப்பின் இவ்வளர்ச்சிக்குக் காலம் போதாது. ஒளியின் அழுத்தம் அதனைத் திரளவொட்டாமல் தடுத்துவந்தது. ஒளியோடு பிணைப்பற்ற கரும்பொருளோ முன்னதாகவே திரளத் தொடங்கியது. இது சாதாரணப் பொருளைப்போல் ஐந்து மடங்குக்கும் மேற்பட்டது. அக்கரும்பொருள் விரைந்தோடும் நியூட்ரினோத் துகள்களே என்னும் கருத்தை 1983இல் கணிப்பொறியில் இட்டுச் சோதித்தபோது, விளைந்த அமைப்பு வானத்தில் காண்பதோடு பொருந்தவில்லை, அக்கருத்து கைவிடப்பட்டது. மெதுவாக இயங்கும் கரும்பொருளை 1985இல் 32,768 புள்ளிகளாகக் கொண்டு கணித்தபோது பொருத்தம் மிகுந்தது. 2005இல் வெளியான 'மில்லேனியம்' கணிப்பில் புள்ளிகள் 1,000 கோடிக்கும் மேற்பட்டன. அதில் தோன்றிய வலை போன்ற அமைப்பு, வானில் மண்டலங்கள் பரந்திருக்கும் விதத்தோடு பெரிதும் ஒத்தது.

3. கையால் சேர்க்கப்படும் பகுதி

கரும்பொருள் திரள்களுக்குள் வாயு வீழ்ந்து, குளிர்ந்து, விண்மீன்களாகிறது. ஆனால் மேற்கண்ட 2005ஆம் ஆண்டுக் கணிப்பில் ஒரு புள்ளியின் நிறையே ஏறத்தாழ 100 கோடி சூரியன்களின் நிறை. அதில் ஒரு விண்மீனின் பிறப்பு எங்ஙனம் புலப்படும்? பின்வந்த நுண்ணிய கணிப்புகளிலும் பெரும் பரப்பை எடுத்துக்கொண்டால் இதே இடர்ப்பாடு உண்டு. எனவே, வாயுவில் எவ்வளவு விண்மீனாகும், வெடிக்கும் விண்மீன்களும் கருந்துளைகளும் எவ்வளவு வாயுவை வெளியே தள்ளும் என்பவற்றுக்கு ஆய்வாளர் சில விதிமுறைகளை வகுத்துச் சேர்க்கின்றனர். இவை பெரும்பாலும் பிற்காலத்து மண்டலங்களுக்கு ஏற்பச் சரிசெய்யப்பட்டவை. தொடக்க காலத்துக்கும் அவை பொருந்தும் என்பது ஓர் எதிர்பார்ப்பே.

4. அசைந்தது எது?

2024இல் அறிவிக்கப்பட்ட ஒரு மண்டலத்தின் ஒளி, பெருவெடிப்புக்குப்பின் ஏறத்தாழ 29 கோடி ஆண்டுகளே சென்றிருந்த காலத்தில் புறப்பட்டது. பேரண்டத்தின் வயது 1,380 கோடி ஆண்டுகள் என்பதை நினைவுகூர்ந்தால் இதன் முதன்மை விளங்கும். இத்தகைய மண்டலங்களின் மிகுந்த ஒளிக்குப் பல விளக்கங்கள் ஆராயப்படுகின்றன. அக்காலத்தில் வாயு மிகுதியாக விண்மீனாகியிருக்கலாம். விண்மீன்கள் ஒரே சீராகப் பிறவாமல் அவ்வப்போது பெருந்தொகையாகப் பிறந்திருக்கலாம். கருந்துளையைச் சூழ்ந்த பொருளின் ஒளியை விண்மீன்களின் ஒளியெனக் கொண்டு சிலவற்றின் நிறையை மிகுத்து மதிப்பிட்டிருக்கலாம். கரும்பொருளின் தன்மையையே மாற்றிப் பார்ப்போரும் உளர். ஆயினும், பெரும்பாலான விளக்கங்கள் திருத்த முற்படுவது நாம் மூன்றாவதாகக் கூறிய பகுதியையே. பேரண்டம் விரிவடைகிறது என்பதற்கும் பின்னணிக் கதிர்வீச்சுக்கும் உள்ள சான்றுகள் இதனால் குலையவில்லை.

முடிவுரை

இத்தகைய செய்திகளைக் கேட்கும்போது நாம் கேட்கவேண்டிய வினாக்கள் மூன்று: காணப்பட்டது என்ன? அதனோடு மாறுபட்டது மாதிரியின் எப்பகுதி? அப்பகுதி விதியினின்று கணிக்கப்பட்டதா, கையால் சேர்க்கப்பட்டதா? இவற்றைக் கேளாமல், மாதிரி நிலைபெற்றபோது அதனைத் தம் நம்பிக்கைக்குச் சான்றாக்கியவரும், அது தளர்ந்தபோது களிகூர்ந்தவரும் ஒரே தவற்றையே செய்கின்றனர். தன் கணிப்பு தவறியது எங்கே என்று தேடும் ஆய்வாளரின் நேர்மை, சபையாருக்குப் போதிக்கும் நமக்கும் வேண்டியதொன்றாகும்.