வழுக்கையும் மருந்துப் போத்தலும்

ஆடவர் தம் தலைமயிரைப் பற்றிக் கவலை கொள்வதில்லையெனப் பெண்மணிகள் எண்ணுவதுண்டு. அவ்வாறு எண்ணுவோர், இருபத்து மூன்று வயது இளைஞன் ஒருவன் குளித்து முடிந்ததும் துவாயை வெளிச்சத்தில் விரித்து, அதில் ஒட்டியிருக்கும் மயிர்களை ஒவ்வொன்றாக எண்ணுவதைக் கண்டிரார். நான் கண்டிருக்கிறேன். அவன் என் தங்கையின் மகன். பல்கலைக்கழகத்தில் இறுதியாண்டு மாணவனாயிருந்த காலத்தில் விடுமுறைக்கு வந்தவன், பாடப் புத்தகத்தைக் காட்டிலும் கண்ணாடியையே மிகுதியாகப் பார்த்தான். நெற்றியின் இரு ஓரங்களும் மேலேறியிருந்தன. உச்சியிலே தோல் மினுங்கத் தொடங்கியிருந்தது. எண்ணெயை மாற்றிப் பார் என்றார் ஒருவர். கிணற்றுத் தண்ணீரின் உவர்ப்பே காரணமென்றார் இன்னொருவர். அவனுடைய தகப்பனார் மட்டும் வாய் திறக்கவில்லை; முப்பத்தைந்து வயதிலேயே அவர் தலை வெளித்துப் போயிருந்தது.

விளம்பரத்தைப் பார்த்து விலையுயர்ந்த ஷாம்பு ஒன்றை வாங்கி, மூன்று மாதம் நாடோறும் தேய்த்தான். தலை நன்றாக மணத்தது. மயிர் மட்டும் முன்போலவே உதிர்ந்தது. பின்னரே அவனை ஒரு தோல் வைத்திய நிபுணரிடம் அழைத்துச் சென்றேன். அன்று அவர் சொன்னவற்றையும், அதன்பின் நான் தேடிப் படித்தவற்றையும் இங்கு எழுதுகிறேன். இதே கவலையோடு கண்ணாடி முன் நிற்கும் இளைஞர் பல வீடுகளில் உளர். அவர்களுடைய பணமும் வீணாகின்றது, காலமும் வீணாகின்றது.

முதலில் ஓர் ஆறுதல். மனிதர் தலையில் ஏறத்தாழ ஓர் இலட்சம் மயிர்கள் உள. ஒவ்வொன்றும் இரண்டு முதல் ஆறு ஆண்டுகள் வரை வளர்ந்து, பின்னர் மூன்று மாதமளவில் ஓய்ந்திருந்து, உதிர்ந்து, புதியதற்கு இடம் விடுகின்றது. ஆகவே நாளொன்றுக்கு ஐம்பது முதல் நூறு மயிர் வரை உதிர்வது இயல்பேயாம். துவாயை எண்ணிப் பயனில்லை. டெங்கு போன்ற கடுங்காய்ச்சல் வந்து இரண்டு மூன்று மாதங் கழித்துக் கொத்துக் கொத்தாக மயிர் கொட்டுவதுமுண்டு. அது பெரும்பாலும் தானாகவே மீளும். நாணயம் போன்ற வட்டத்தில் திடீரென மயிர் போவதும் வேறொரு நோய். இவற்றை வழுக்கையென மயங்கி, வழுக்கைக்குரிய மருந்தை வாங்குவோர் பலர். ஆண்களுக்குரிய வழுக்கையோ அரவமின்றி வருவது. அதில் மயிர்க்கால் இறந்துபோவதில்லை. ஒவ்வொரு சுற்றிலும் சிறிது சிறுத்து, முன்னையிலும் மெல்லிய, குறுகிய மயிரை விளைவித்து, ஈற்றில் குழந்தையின் கன்னத்திலுள்ள பூமயிர் போன்றதொன்றையே தருகின்றது. பின்தலையிலும் காதோரங்களிலும் உள்ள மயிர்க்கால்களுக்கு இந்தக் கேடு நேர்வதில்லை என்பதும் கருதத்தக்கது.

இஃது ஏன் நிகழ்கின்றது? அமெரிக்க உடற்கூற்று அறிஞரான ஜேம்ஸ் ஹமில்டன் 1942ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆராய்ச்சியே இதற்கு வழி காட்டியது. பருவமடையுமுன் ஆண்மைச் சுரப்பிகளை இழந்தவர்களுக்கு வழுக்கை விழுவதில்லை என்பதை அவர் கண்டார். அத்தகையோருக்கு ஆண் ஓமோனைச் செலுத்தியபோது, குடும்பத்தில் வழுக்கை உள்ளவர்களுக்கு மட்டுமே மயிர் விழலாயிற்று, ஏனையோருக்கு விழவில்லை. எனவே பரம்பரையும் ஓமோனும் சேர்ந்தாலன்றி வழுக்கையில்லை. டெஸ்டோஸ்டெரோன் என்னும் ஓமோனை ஒரு நொதியம் டைஹைட்ரோடெஸ்டோஸ்டெரோன் என்னும் வலிய உருவுக்கு மாற்றுகின்றதென்பதும், அந்த உருவே நெற்றி, உச்சி ஆகிய இடங்களின் மயிர்க்கால்களைச் சிறுக்க வைக்கின்றதென்பதும் பின்னர் தெளிவாயின. தண்ணீருக்கும் தொப்பிக்கும் இதிற் பங்கில்லை. தாய்மாமன் தலையைப் பார்த்தே மருமகன் தலையைச் சொல்லலாமென்பர் நம்மவர். இதில் ஓரளவு உண்மையுண்டு. தாய்வழி வரும் எக்ஸ் நிறமூர்த்தத்தில் முக்கியமான ஒரு பரம்பரையலகு இருக்கின்றது. ஆயினும் தந்தைவழி வருவனவும் பல. என் தலையில் மயிருக்குக் குறைவில்லை. மருமகனுக்கு அது உதவவில்லை.

இனி ஷாம்புவுக்கு வருவோம். கடையில் அடுக்கியிருப்பவற்றுட் பெரும்பாலானவை அழுக்ககற்றுஞ் சவர்க்கார வகைகளே; சீயக்காயும் அரப்பும் செய்த வேலையையே அவையும் செய்கின்றன. மருந்து சேர்ந்தவை வேறு. அவற்றுள் பெயர்பெற்றது கீற்றோகொனசோல் என்னும் பங்கசுக்கொல்லி. தலைத்தோலில் வாழும் ஒருவகை மதுவத்தை அடக்கிப் பொடுகையும் அரிப்பையும் தணிப்பதே அதன் தொழில். 1998ஆம் ஆண்டில் பெல்ஜிய நாட்டு ஆராய்ச்சியாளர் சிலர், நூற்றுக்கு இரண்டு பங்கு கீற்றோகொனசோல் சேர்ந்த ஷாம்புவைப் பல மாதங்கள் பயன்படுத்திய வழுக்கையாளரிடம் மயிரின் அடர்த்தியும் பருமனும் கூடினவென எழுதினர். செய்தி இனியதுதான், ஆனால் ஆராயப்பட்டவர்கள் மிகச் சிலர். 2003ஆம் ஆண்டில் வெளியான மற்றோர் ஆராய்ச்சி இருநூறு ஆடவரை இருபத்தாறு வாரம் கவனித்தது. பொடுகுக்கான நாக பிரிதியோன் ஷாம்பு மயிரின் எண்ணிக்கையைச் சிறிது கூட்டவே செய்தது. எனினும், பூசுமருந்தாகிய மினொக்சிடில் தந்த பயனிற் பாதியைக்கூட அது எட்டவில்லை. ஆகவே பொடுகும் அரிப்பும் உள்ளவன் மருந்து ஷாம்புவை வாரம் இருமுறை தேய்த்து, மூன்று முதல் ஐந்து நிமிடம் ஊறவிட்டுக் கழுவுவது நன்று. தேய்த்தவுடன் கழுவினால் மருந்து முழுவதும் தண்ணீரோடு போய்விடும். பொடுகு இல்லாதவன் வழுக்கைக்கென்றே ஷாம்புவை மட்டும் நம்பியிருத்தல் வீண். என் மருமகனின் மூன்று மாதமும் அவ்வாறே கழிந்தது.

மினொக்சிடிலின் வரலாறு சுவையானது. தலைக்காக எவரும் அதனைத் தேடவில்லை. வேறு மருந்துக்கு அடங்காத கடுமையான உயர் குருதியமுக்கத்துக்கான குளிகையாக 1979ஆம் ஆண்டில் அமெரிக்காவில் அதற்கு அனுமதி கிடைத்தது. குளிகை விழுங்கிய நோயாளரின் முகத்திலும் கையிலும் வேண்டாத இடங்களிலெல்லாம் மயிர் முளைத்தது. வழுக்கையர் ஒருவரின் தலையிலும் முளைத்ததென 1980ஆம் ஆண்டில் வைத்திய ஏடொன்றில் கடிதம் வந்தது. பக்கவிளைவே பயனாகலாமென்று கண்டவர்கள் அதனைத் திரவமாக்கித் தலையிற் பூசினர். நூற்றுக்கு இரண்டு பங்குள்ள திரவத்துக்கு 1988ஆம் ஆண்டில் அனுமதி வந்தது. ஐந்து பங்குள்ளது 1997ஆம் ஆண்டில் வந்தது. 2002ஆம் ஆண்டில் வெளியான ஒப்பீடொன்றில், நாற்பத்தெட்டு வாரத்தின் பின், ஐந்து பங்குள்ளது இரண்டு பங்குள்ளதைவிட நாற்பத்தைந்து வீதம் கூடுதலாக மயிர் வளர்த்தது.

மருந்தைக் கொடுக்கும்போது வைத்தியர் மூன்று விடயங்களை அழுத்திச் சொன்னார். நான்கு மாதமாவது பொறுக்க வேண்டும். மொட்டையான இடம் காடாகாது, மெலிந்தது தடிக்கும், உள்ளது நிற்கும், அவ்வளவே. பூசுவதை நிறுத்தினால் மூன்று நான்கு மாதத்துக்குள் பெற்றதெல்லாம் போய்விடும். அவன் மூன்றுக்கும் தலையாட்டினான். ஆறாவது வாரத்தில், முன்னையிலும் அதிகமாக மயிர் உதிர்வதைக் கண்டு போத்தலைக் குப்பைக் கூடையில் எறிந்துவிட்டான். மருந்து தலையையே அழித்துவிட்டதென்று தங்கை அழுதாள். உண்மையோ வேறு. ஓய்ந்திருந்த மயிர்க்கால்களை மருந்து அவசரமாக எழுப்பும்போது, அவை பழைய மயிரைத் தள்ளிவிட்டே புதியதைத் தொடங்கும். தொடங்கியவர்களுட் சிலருக்கு முதல் எட்டு வாரத்துள் இந்த உதிர்வு நேர்வதுண்டு. இதை முன்னரே விளங்கச் சொல்லாமையால் எத்தனை போத்தல்கள் குப்பைக் கூடை சேர்ந்தனவோ! வைத்தியரிடம் மீண்டும் போனோம். அவர் சிரித்துவிட்டுக் கூடையிலிருந்து எடுக்கச் சொன்னார்.

பூசும் முறை எளிது. ஆயினும் பலர் பிழை விடுகின்றனர். ஒரு மில்லிலீற்றர் வீதம் நாளுக்கு இருமுறை, உலர்ந்த தலையில், மயிரிலன்றித் தோலிலே படும்படி பூச வேண்டும். பின் நான்கு மணி நேரம் தலை கழுவலாகாது. கூடுதலாகப் பூசினால் கூடுதலாக வளருமென்பது பொய். மருந்து இரத்தத்திற் கலப்பதே மிகும். காலையில் தேங்காயெண்ணெய் வழியத் தலைவாரும் நம் வழக்கத்தோடு இது ஒத்துவராது. எண்ணெய் வைப்பதாயின் குளிக்குமுன் வைத்து, கழுவித் துடைத்த பின்னரே மருந்து. திரவத்தில் மதுசாரம் உண்டாதலால் விளக்கின் அருகில் நின்று பூசுதல் ஆகாது. தோல் அரித்துச் சிவந்தால் அது பெரும்பாலும் திரவத்திற் சேர்ந்த புரொப்பிலீன் கிளைக்கோலின் வேலை. நுரை வடிவான மருந்தில் அது இல்லை. நெஞ்சு படபடத்தாலும், தலை சுற்றினாலும், கால் வீங்கினாலும் உடனே நிறுத்திவிட்டு வைத்தியரைக் காண வேண்டும். இருதய நோயுள்ளவரும் பதினெட்டு வயது நிரம்பாதவரும் தாமாக வாங்கிப் பூசுதல் தகாது.

மருந்து ஒருவர் தலையில் இருந்தாலும் வீடு முழுவதும் அதனை அறிந்திருக்க வேண்டும். 2019ஆம் ஆண்டில் ஸ்பெயின் நாட்டிலே, குழந்தைகளின் வயிற்றுக் கோளாறுக்கான மருந்தெனப் பெயரிட்ட மருந்தில் தவறுதலாக மினொக்சிடில் இருந்தமையால், அதை உட்கொண்ட குழந்தைகள் பலரின் உடலெங்கும் மயிர் படர்ந்தது. பூசிய தலையைக் குழந்தையின் கன்னத்தோடு சேர்ப்பதும் இதே காரணத்தால் ஆகாது. பூனை வளர்ப்போருக்கு இன்னொன்று: தலையணையில் ஒட்டிய சொற்ப மருந்தை நக்கினாலும் பூனை மாண்டுபோகக் கூடும்.

பினாஸ்டெரைட் என்னும் குளிகை வேறு வகையினது. ஓமோனை மாற்றும் நொதியத்தையே அது தடுக்கின்றது. 1974ஆம் ஆண்டில் டொமினிக்கன் குடியரசில், பிறவியிலேயே அந்த நொதியம் குறைந்த குடும்பத்தாரைப் பற்றி வெளியான ஆராய்ச்சி அதற்கு வித்தாயிற்று. வழுக்கைக்கென 1997ஆம் ஆண்டில் அனுமதிக்கப்பட்டது. பயனுடையது, ஆனால் சிலருக்கு இல்லறச் சுகத்தைக் குறைப்பதும் மனச்சோர்வு தருவதும் உண்டு. கருவுற்ற பெண்கள் உடைந்த குளிகையைத் தொடவுங் கூடாது. இப்பொழுது இதனையும் பூசுமருந்திற் கலந்து விற்கின்றனர். வைத்தியரின் சீட்டின்றி இதன் பக்கம் போதல் வேண்டாம்.

மருமகன் அன்று வைத்தியரிடம் கேட்ட கடைசிக் கேள்வி, எத்தனை காலம் பூச வேண்டுமென்பது. மயிர் வேண்டும் காலம் வரையென்றார் அவர். வீடு திரும்பும் வழியில், மாதச் செலவை ஆண்டுக் கணக்காக்கி, அதை இருபதாற் பெருக்கி என்னிடம் காட்டினான். வேண்டாமென்று விட்டிருந்தாலும் நான் குறை கூறியிருக்கமாட்டேன். அவன் தகப்பனார் செலவின்றியே பேரோடும் புகழோடும் வாழ்ந்து வருகிறார். கலியாணப் பேச்சுக்கு வரும் இடங்களில் முதலில் படத்தைத்தான் கேட்கிறார்கள் மாமா, என்றான். பூசத் தொடங்கினான். ஓராண்டில் உச்சி ஓரளவு அடைந்தது. நெற்றி ஓரங்கள் அடையவில்லை. பெண் வீட்டாருக்கு மருந்து விடயத்தை அவனே சொன்னானாம். அந்தப் பெண் சிரித்ததாகக் கேள்வி.

இப்பொழுது அவர்களுக்கு எட்டு மாதக் குழந்தையொன்று உண்டு. போத்தல் அலுமாரியின் மேற்றட்டிற் பூட்டியிருக்கின்றது. இரவு வேளையில், குழந்தை உறங்கிய பின்னரே அவன் அதைத் திறக்கிறான். சில இரவுகளில் மறந்தும் போகிறான்.