பணிசெயல் முறைமையைத் தெரிதல்

கணினி தன்னியல்பில் யாதொன்றும் அறியாத பொறி. அழுத்திய எழுத்தைத் திரையிலே தோற்றுவித்தல், கோப்புக்களை ஒழுங்குற வைத்தல், நினைவகத்தைச் செய்நிரல்கள் பலவற்றுக்கும் பகிர்ந்தளித்தல் ஆகிய தொழில்களை நடாத்துவது பணிசெயல் முறைமை என்னும் மென்பொருளாகும். அது திறந்த மூலமுடையது, தனியுரிமையுடையது என இருவகைப்படும். இவற்றுள் எதனைத் தெரிவது என்னும் வினாவுக்குப் பலர் விலையை மாத்திரம் நோக்கி விடை பகர்வர். அவ்விடை போதுமானதா என்பது ஆராயற்பாலது.

செய்நிரலை மனிதர் எழுதும் வடிவம் மூலநிரல் எனப்படும். பொறிமொழியாக மாற்றப்பட்ட பின்னர் அதனை வாசித்தறிதல் வல்லுநர்க்கும் அரிது. தனியுரிமை முறைமையை ஆக்கிய நிறுவனம் மூலநிரலைத் தன்னகத்தே வைத்துக்கொண்டு, பயன்படுத்தும் உரிமத்தை மாத்திரம் பிறர்க்கு வழங்கும். மைக்ரோசொப்ட் நிறுவனத்தின் விண்டோஸ் இவ்வகையது. திறந்த மூல முறைமையிலோ மூலநிரலை எவரும் படிக்கலாம், திருத்தலாம், திருத்தியதைப் பிறர்க்கும் வழங்கலாம். இவ்வுரிமைகளை வலியுறுத்தி அமெரிக்கரான றிச்சட் ஸ்ரோல்மன் 1983ஆம் ஆண்டில் ‘க்னூ’ என்னும் முயற்சியைத் தொடங்கினார். 1991இல் பின்லாந்திலே ஹெல்சிங்கிப் பல்கலைக்கழக மாணவராயிருந்த லினஸ் ரோவால்ட்ஸ், முறைமையொன்றின் கருப்பகுதியை எழுதி வெளியிட்டார். இவ்விரண்டும் இணைந்தமையால் எழுந்ததே லினக்ஸ்.

இருவகையின் நிறைகுறைகளை ஜேர்மனியின் மியூனிக் மாநகராட்சி பெற்ற அனுபவம் நன்கு விளக்கும். அதன் அலுவலகங்களில் ஏறக்குறைய 14,000 கணினிகள் விண்டோஸ் என்.டி. 4 என்னும் முறைமையைக் கொண்டிருந்தன. அம்முறைமைக்குரிய பராமரிப்பை ஆக்கியோர் நிறுத்தவிருந்தனர். பராமரிப்பு நின்றபின், புதிதாக வெளிப்படும் பாதுகாப்புக் குறைகளைச் சீர்செய்வார் இலர். மூலநிரல் கையில் இன்மையின் நகரத்தார் தாமே சீர்செய்தலும் இயலாது. ஆகவே, பொறிகள் நன்னிலையில் இருப்பினும் முறைமையை மாற்றவேண்டிய நிர்ப்பந்தம் உண்டாயிற்று. 2003ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் மைக்ரோசொப்ட் நிறுவனத் தலைவர் ஸ்ரீவ் போல்மர் நேரில் வந்து மாநகர மேயரைக் கண்டார், விலையும் குறைக்கப்பட்டது. எனினும் மே மாதத்தில் மாநகரசபை லினக்ஸையே தெரிந்தது. ஒரு நிறுவனத்தின் முடிவைச் சார்ந்திராமையே சபையாரின் பெருநோக்கம் என்பது இதனாற் புலனாகும்.

2006இல் தொடங்கிய மாற்றம் 2013இன் இறுதியில் நிறைவெய்தியபோது, 14,800க்கு மேற்பட்ட கணினிகள் புதிய முறைமைக்கு வந்திருந்தன. ஆயினும் இடர்கள் நீங்கினவல்ல. விண்டோஸுக்கென்றே எழுதப்பட்ட சிறப்புச் செய்நிரல்கள் சில லினக்ஸில் இயங்கவில்லை, வெளியிலிருந்து வந்த ஆவணங்கள் வடிவம் குலைந்தன, ஊழியர் முறையிட்டனர். திருத்தும் உரிமை இருந்தும், அவ்வுரிமையைப் பயன்கொள்ளும் நிருவாக ஒழுங்கு போதாதிருந்தது. 2017இல் மாநகரசபை விண்டோஸுக்கு மீளத் தீர்மானித்தது.

இதனைக்கொண்டு திறந்த மூலம் தோற்றதெனத் துணிதல் தகாது. உலகின் அதிவேகக் கணினிகள் ஐந்நூற்றினை நிரைப்படுத்தும் பட்டியலில், 2017 நவம்பர் முதல் அனைத்தும் லினக்ஸிலேயே இயங்குகின்றன. ஜேர்மனியிலேயே சிலெஸ்விக்-ஹோல்ஸ்ரைன் மாநில அரசு, தன் 30,000 கணினிகளைத் திறந்த மூல மென்பொருளுக்கு மாற்றும் முடிவை 2024 ஏப்பிரலில் அறிவித்தது. மியூனிக் நகரம் முன்பு எதிர்ப்பட்ட நிர்ப்பந்தமும் ஒழிந்துவிடவில்லை. 2025 ஒக்டோபர் 14ஆம் திகதி விண்டோஸ் 10க்குரிய பொதுப் பராமரிப்பு முடிவுற்றது. அடுத்த பதிப்பு வேண்டும் வன்பொருளைப் பெற்றிராத பல கணினிகள், பழுதின்றி இருந்தும் அதனை ஏற்க முறைப்படி தகுதியற்றனவாயின.

ஆதலின் தெரிவு செய்வோர் ஆராயவேண்டியன மூன்று: தமக்கு இன்றியமையாத செய்நிரல்கள் எம்முறைமையில் இயங்குவன, முறைமையைப் பேணவல்லோர் தம்மிடத்து உளரா, தம் ஆவணங்களை எத்துணைக் காலம் காத்தல் வேண்டும். குறித்த செய்நிரல் ஒன்றையே நம்பியதும் வல்லுநர் இல்லாததுமான சிற்றலுவலகத்துக்குத் தனியுரிமை முறைமை பொருந்தலாம். மக்களின் பிறப்பு, காணி, வரி முதலிய பதிவுகளைத் தலைமுறை தலைமுறையாகக் காக்கும் பொது நிறுவனமோ, அவற்றின் திறவுகோலைப் பிறர் கையில் ஒப்படைக்குமுன் நன்கு சிந்தித்தல் வேண்டும். திறந்த மூலத்தைத் தெரியின், உரிமத்துக்குச் செலுத்தாத பணத்தின் ஒரு பகுதியையேனும் ஊழியரைப் பயிற்றுவதற்குச் செலவிடுதல் கடனாகும். அது செய்யாதவிடத்துப் பெற்ற உரிமை ஏட்டளவில் நின்றுவிடும்.