மூணு மாச உழைப்பு... மூணு விநாடி டெஸ்ட்! தாளில் தொடங்கி வானத்துக்குப் போகும் ரிமோட் விமானம்

ஸ்பானிஷ் மொழியில் ‘பால்சா’ என்றால் தெப்பம். தென் அமெரிக்காவின் ஈக்வடார் பக்கம் வளரும் ஒரு மரத்துக்கு அந்தப் பெயர் வந்ததற்குக் காரணம், அதன் கட்டைகளைக் கட்டி மக்கள் கடலில் போனதுதான். 1947-ல் நார்வேயைச் சேர்ந்த தோர் ஹெயர்டால், 9 பால்சா கட்டைகளைக் கயிறால் பிணைத்து, ‘கோன்-டிக்கி’ என்று பெயர் வைத்து, பெருவிலிருந்து கிளம்பி 101 நாள்கள் பசிபிக் கடலில் மிதந்து காட்டினார். அந்த ஊர்க் கட்டுமரம் என்று சொன்னால் ராயபுரம், காசிமேடு மக்களுக்குச் சட்டென்று புரிந்துவிடும்.

அதே மரம்தான் இன்று உலகம் முழுக்க ரிமோட் விமானப் பிரியர்களின் மேஜையில் கிடக்கிறது. காரணம் எடை. ஒரு கன மீட்டர் தேக்கு 600 கிலோவைத் தாண்டும். பால்சாவோ பெரும்பாலும் 100 முதல் 200 கிலோவுக்குள் அடங்கிவிடும். பிளேடால் வெட்டலாம், உப்புத்தாளால் தேய்க்கலாம், ஒட்டினால் நிற்கும். இரண்டாம் உலகப் போரில் பறந்த பிரிட்டனின் ‘மஸ்கிட்டோ’ போர் விமானத்தின் உடலே பிளைவுட்டுக்கு நடுவில் பால்சா வைத்துச் செய்ததுதான்.

‘இதெல்லாம் எதுக்கு? ஆன்லைன்ல ஆர்டர் போட்டா ரெடிமேடா வந்துடுமே’ என்று கேட்கலாம். வரும்தான். ஃபோம் விமானம் பெட்டியிலிருந்து எடுத்து ஒரு மணி நேரத்தில் பறக்கும். ஆனால், பிளானைப் பார்த்துக் கட்டுபவர்களுக்குப் பறப்பது பாதி சந்தோஷம்தான். மீதிப் பாதி, மேஜையில் மூன்று மாதம் குனிந்து உட்கார்ந்திருப்பதில் இருக்கிறது.

சென்னைக்கு இது புதுசு இல்லை

1910-ல் நம்ம ஊர் மவுன்ட் ரோட்டில் ஹோட்டல் நடத்திக்கொண்டிருந்த டி’ஏஞ்செலிஸ் என்பவருக்கு விமானப் பித்து பிடித்தது. சொந்தமாக ஒரு விமானத்தை வடிவமைத்தார். கட்டிக்கொடுத்தது யார் தெரியுமா? குதிரை வண்டிகள் செய்துகொண்டிருந்த சிம்ப்ஸன் நிறுவனம். அந்த விமானத்தைப் பல்லாவரத்தில் பறக்கவிட்டார். ரைட் சகோதரர்கள் பறந்து 7 வருடம்கூட முடியாத நேரம் அது! வண்டி செய்யும் ஆசாரிகள் விமானம் கட்டிய ஊர் இது.

அதே பல்லாவரத்துக்குப் பக்கத்தில், குரோம்பேட்டையில் 1949-ல் தொடங்கப்பட்ட எம்.ஐ.டி-யில்தான் அப்துல் கலாம் விமானப் பொறியியல் படித்தார். 2018-ல் நடிகர் அஜித்குமார் ஆலோசகராக இருந்த, அந்தக் கல்லூரியின் ‘தக்‌ஷா’ அணி, ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் நடந்த ஆளில்லா விமானப் போட்டியில் இரண்டாம் இடம் பிடித்தது. ‘தல’ ரசிகர்களுக்கு அவர் ரேஸ் ஓட்டுவது தெரியும். அவர் ரிமோட் விமானப் பிரியர் என்பதும் தெரிந்திருக்கும்.

முதலில் ஸ்கேலை எடுங்க

பிளான் என்பது விமானத்தின் நிஜ அளவிலேயே வரைந்த படம். பக்கவாட்டுத் தோற்றம், மேல் தோற்றம், இறக்கைக்குள் வரும் ஒவ்வொரு ‘ரிப்’பின் வடிவம் எல்லாம் அதில் இருக்கும். பிளாட்டரில் பெரிய தாளில் பிரின்ட் எடுத்ததும் செய்ய வேண்டிய முதல் வேலை, 30 செ.மீ. என்று போட்டிருக்கும் கோடு நிஜமாகவே 30 செ.மீ. இருக்கிறதா என்று அளப்பது. பிரின்ட் கொடுக்கும்போது ‘தாளுக்குள் அடக்கு’ என்ற ஆப்ஷன் ஆனில் இருந்தால், விமானம் சத்தமில்லாமல் இளைத்துப்போயிருக்கும்.

அடுத்தது மேஜை. பழைய மரக்கதவுகூடப் போதும், சமமாக இருந்தால். மேலே பிளானை விரித்து, பசை ஒட்டாமல் இருக்க அதன்மேல் பாலிதீன் ஷீட் போட்டு, குண்டூசி குத்தி, படத்தின் மீதே கட்டைகளை வைத்து ஒட்டிக்கொண்டு போக வேண்டும். மேஜை ஒரு பக்கம் வளைந்திருந்தால் இறக்கையும் அப்படியே முறுக்கிக்கொள்ளும். அந்த முறுக்கு தரையில் கண்ணுக்குத் தெரியாது. மேலே போனதும் விமானம் ஒரு பக்கமாகச் சாயும்போதுதான் தெரியும்.

10, 15 ரிப்களை ஒரே மாதிரி வெட்டுவது எப்படி? அதற்கு ஒரு பழைய யுக்தி உண்டு. பிளைவுட்டில் இரண்டு அச்சு வெட்டி, நடுவில் பால்சா துண்டுகளை அடுக்கி, போல்ட் போட்டு இறுக்கி, மொத்தமாகத் தேய்த்துவிடுவார்கள். ஃபிட்டர் டிரேடு படித்தவர்களுக்கு இது கைவந்த கலை. சாதாரண மூட்டுகளுக்கு ஃபெவிகால். அவசரத்துக்கு ஃபெவிக்விக். மோட்டார் உட்காரும் முன்பலகைக்கும் சக்கரம் மாட்டும் இடத்துக்கும் மட்டும் அரால்டைட் மாதிரி எபாக்ஸி. அங்கே கஞ்சத்தனம் கூடாது.

படகுக்கு மேட்... விமானத்துக்கு மஸ்லின்!

எலும்புக்கூடு ரெடியான பிறகுதான் உண்மையான சோதனை. அதற்குத் தோல் போர்த்த வேண்டும்.

அந்தக் காலத்தில் மெல்லிய டிஷ்யூ பேப்பர் அல்லது பட்டுத்துணியை ஒட்டி, மேலே ‘டோப்’ என்ற வார்னிஷ் பூசுவார்கள். அது காயும்போது சுருங்கி, மத்தளத் தோல் மாதிரி விறைத்துக்கொள்ளும். ஆனால் கடலோரத்தில் இதில் ஒரு வில்லன் உண்டு... காற்றின் ஈரம். மழைக்காலத்தில் டோப் அடித்தால் பூசிய இடமெல்லாம் வெள்ளை வெள்ளையாகப் பூத்துவிடும். எண்ணூரிலோ திருவொற்றியூரிலோ நவம்பரில் இந்த வேலையை எடுக்காமல் இருப்பது புத்திசாலித்தனம். இப்போது பெரும்பாலானோர் இஸ்திரிப் பெட்டி சூட்டில் ஒட்டிச் சுருங்கும் பிளாஸ்டிக் ஃபிலிமுக்கு மாறிவிட்டார்கள். வேலை சுத்தம், வாசனையும் இல்லை.

இன்னும் வழவழப்பாக, நிஜ விமானம் மாதிரி பெயின்ட் அடிக்க வேண்டும் என்றால் ஃபைபர் கிளாஸ். இங்கேதான் வடசென்னைக்காரர்களுக்கு ஒரு சாதகமும் ஒரு ஆபத்தும் இருக்கின்றன. காசிமேடு பக்கம் ஃபைபர் படகு வேலை தெரிந்த கைகளுக்குக் குறைவில்லை. ரெசின் எப்போது இறுகும், எவ்வளவு ஹார்டனர் கலக்க வேண்டும் என்பதெல்லாம் அவர்களுக்கு விரல்நுனி. ஆனால், படகுக்குப் போடும் மேட்டை விமானத்தில் போட்டால் கதை முடிந்தது.

கணக்கைப் பாருங்கள். படகு மேட் ஒரு சதுர மீட்டருக்கு 300 அல்லது 450 கிராம் எடையில் வரும். மாடல் விமானத்துக்குப் போடும் கிளாஸ் துணியோ சுமார் 25 கிராம்தான், மஸ்லின் மாதிரி இருக்கும். ஒன்றரை மீட்டர் நீள இறக்கையின் மேலும் கீழும் சேர்த்து முக்கால் சதுர மீட்டர் என்று வைத்துக்கொண்டால், மெல்லிய துணியும் ரெசினும் சேர்ந்து 40 கிராமுக்குள் வேலையை முடிக்கலாம். அதையே 450 கிராம் மேட் போட்டால், அது குடிக்கும் ரெசினோடு சேர்த்து ஒரு கிலோ வந்துவிடும். மொத்த விமானமே 2 கிலோவுக்குள் இருக்க வேண்டிய இடத்தில்!

இன்னொன்று. படகுக்கு ஊற்றும் பாலியஸ்டர் ரெசின் தெர்மோகோலைக் கரைத்துவிடும். தெர்மோகோல் இறக்கை செய்திருந்தால் எபாக்ஸி ரெசின்தான் போட வேண்டும். எதில் ஊற்றினாலும் கையுறை, காற்றோட்டம் கட்டாயம். மூடிய ரூமில், பக்கத்தில் தம்பி தங்கைகள் படித்துக்கொண்டிருக்கும்போது செய்கிற வேலை இல்லை இது.

பெயின்டிலும் கை நீளக் கூடாது. முக்கியமாக வாலில். காரணம், நம்ம மார்க்கெட் தராசு தத்துவம்தான். இறக்கையிலிருந்து வால் 75 செ.மீ., மூக்கு 25 செ.மீ. தூரம் என்றால், வாலில் கூடுதலாக 20 கிராம் பெயின்ட் ஏறினால் அதைச் சமன் செய்ய மூக்கில் 60 கிராம் ஈயம் வைக்க வேண்டும். அழகுக்காக அடித்த 20 கிராம், 80 கிராமாக வந்து நிற்கும்.

இரண்டு விரலில் ஒரு பரீட்சை

பேட்டரி, மோட்டார், ரிசீவர், சுக்கான்களை அசைக்கும் சின்னச் சின்ன சர்வோ மோட்டார்கள் எல்லாம் மாட்டிய பிறகு, இரண்டு பக்க இறக்கையின் அடியிலும் ஒவ்வொரு விரலை வைத்துத் தூக்கிப் பார்க்க வேண்டும். விமானம் எந்த இடத்தில் சமமாக நிற்கிறதோ அதுதான் எடை மையம். பொதுவாக இறக்கை அகலத்தில் முன்விளிம்பிலிருந்து கால் பங்கு முதல் மூன்றில் ஒரு பங்குக்குள் அது வர வேண்டும். அகலம் 25 செ.மீ. என்றால் சுமார் 6 முதல் 8 செ.மீ. மூக்கு கொஞ்சம் கனமாக இருந்தால் விமானம் சோம்பேறியாகப் பறக்கும், தப்பித்துவிடும். வால் கனமாக இருந்தால் கிளம்பின வேகத்தில் மூக்கைத் தூக்கிக்கொண்டு மேலே போய், அப்படியே சரியும். மூன்று மாத வேலை, மூன்று விநாடியில் விறகு.

லித்தியம் பாலிமர் பேட்டரியை சார்ஜ் போட்டுவிட்டுத் தூங்கப் போகக் கூடாது. உப்பியிருந்தால் தொடவே கூடாது, அது தீப்பிடிக்கும் ரகம்.

கையில் வித்தை உண்டு... வானம் எங்கே?

வடசென்னையின் நிஜப் பிரச்னை இதுதான். ஒரு பக்கம் சென்னைத் துறைமுகம், இன்னொரு பக்கம் எண்ணூர் காமராஜர் துறைமுகம், நடுவில் மணலி சுத்திகரிப்பு ஆலை, அனல் மின் நிலையம், மிச்ச இடமெல்லாம் வீடுகள். 2 கிலோ எடையுள்ள ஒரு பொருள் 50 கி.மீ. வேகத்தில் வந்து ஒருவர் தலையில் இறங்கினால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. காத்தாடி மாஞ்சா கழுத்தை அறுத்த செய்திகளைப் படித்த ஊர் இது.

2021 ட்ரோன் விதிகள் நாட்டின் வான்பரப்பைப் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று பிரித்திருக்கின்றன. பச்சையில் பொதுவாக 400 அடி உயரம் வரை முன்அனுமதி தேவையில்லை, மஞ்சளில் அனுமதி வாங்க வேண்டும், சிவப்பில் மத்திய அரசின் அனுமதி இல்லாமல் கூடாது. ‘டிஜிட்டல் ஸ்கை’ வரைபடத்தில் உங்கள் ஏரியாவைத் தேடிப் பார்க்காமல் எதையும் பறக்கவிடாதீர்கள். மாடல் விமானம் என்று சொல்லித் தப்பிக்க முடியாது, 25 கிலோவுக்குள் பொழுதுபோக்குக்காகப் பறக்கும் மாடல்களையும் அந்த விதிகள் கணக்கில் எடுத்திருக்கின்றன. கண்ணுக்கு எட்டும் தூரத்தில்தான் பறக்கவிட வேண்டும் என்பதும் அதில் அடக்கம். பள்ளி, கல்லூரிப் பசங்களுக்கு நல்ல வழி என்.சி.சி. விமானப் பிரிவு. அங்கே ஏரோ மாடலிங் பயிற்சியிலேயே இருக்கிறது, போட்டிகளும் உண்டு. ஒரு மைதானமும் சொல்லிக்கொடுக்க ஒரு ஆளும் கிடைப்பது சின்ன விஷயமில்லை.

முதல் பறப்புக்குக் காலை நேரம்தான் சரி. மதியத்துக்குமேல் கடல் காற்று ஏறிவிடும். ஸ்டிக்கை வலது பக்கம் தள்ளினால் சுக்கானும் வலது பக்கம் திரும்புகிறதா என்று பார்க்க வேண்டும். தலைகீழாக மாட்டிய சர்வோவால் நொறுங்கிய விமானங்கள் ஏராளம். சிக்னல் துண்டித்தால் மோட்டார் தானாக நிற்கும்படி செட்டிங் இருக்கிறதா என்பதையும் தரையிலேயே சோதிக்க வேண்டும். விமானம் நம்மை நோக்கித் திரும்பி வரும்போது இடது வலதாகும், வலது இடதாகும். புதியவர்களுக்குக் கை நடுங்குவது இந்த இடத்தில்தான். பழகிய ஒரு அண்ணன் பக்கத்தில் நின்று ரிமோட்டை வாங்கிக்கொள்ளத் தயாராக இருந்தால் நல்லது.

இறங்கியதும் செல்ஃபி எடுப்பதற்கு முன்னால் பேட்டரியைக் கழற்றிவிடுங்கள். புரொப்பல்லர் திடீரென்று சுற்றினால் விரல் போகும்.